கண்ணாடி அலமாரிக்கு ஒரு பாம்பு

"அத்தை, இந்த அலமாரிக்கு எந்தப் பாம்பு பொருத்தமாக இருக்கும்?"

புடவைக்கு ரவிக்கை பொருத்தம் கேட்பதுபோல் அண்ணன் மகன் கேட்டான். என் கையிலிருந்த காப்பித் தம்ளர் ஆடிவிட்டது. சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "அது உள்ளே வந்தால் நான் வெளியே போய்விடுவேன், சொல்லிவிட்டேன்!"

விஷயம் இதுதான். திண்டுக்கல்லில் மூடப்போகும் ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து, ஆளுயரக் கண்ணாடி அலமாரியை அண்ணன் மலிவாக வாங்கி வந்திருந்தார். பிளஸ் ஒன் போகவிருந்த பையன் அதில் மண் பரப்பி, பெரணி வைத்து, மணிபிளான்ட்டைப் படரவிட்டு, காய்ந்த கொம்பு ஒன்றையும் நட்டுவிட்டான். குட்டிச் சிறுமலையே வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. குடியிருக்க ஆள் வேண்டியதுதான் பாக்கி. அதற்கு அவன் பார்த்து வைத்திருந்தது அமெரிக்காவின் கார்ட்டர் பாம்பு.

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் உண்டு; பின்னால் சொல்கிறேன். இருவரும் உட்கார்ந்து, வரன் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

மேல்நாட்டார் காலுறை நழுவாமலிருக்கக் கட்டிக்கொண்ட நாடாவுக்குக் கார்ட்டர் என்று பெயர். அந்த நாடாவைப்போல் உடல் நெடுகக் கோடுகள் ஓடுவதால் பாம்புக்கும் அந்தப் பெயர் வந்தது. கனடாவிலிருந்து மத்திய அமெரிக்கா வரை 30-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மனிதருக்கு ஆபத்தில்லாதவை. முட்டையிடாமல் குட்டி போடுபவை. கனடாவில் நார்சிஸ் என்ற இடத்தில், குளிர்காலம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் உறங்கிவிட்டு, வசந்தத்தில் ஆயிரம் ஆயிரமாக வெளிவருமாம். அண்ணி இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

இவற்றில் எது? சமவெளிக் கார்ட்டர் சாது; ஆனால் தரையில் ஊர்வதோடு சரி. கட்டம் போட்ட கார்ட்டர் தெற்கே வெப்பமான பகுதிகளைச் சேர்ந்தது, அதுவும் தரைவாசிதான். ரிப்பன் பாம்பு ஒன்றுதான் ஒல்லியான உடலும் நீண்ட வாலுமாக, நீரோரப் புதர்களில் ஏறி வெயில் காயும். உயரமான அலமாரிக்குப் பொருத்தம் பார்த்தால் அதுதான் மாப்பிள்ளை.

"அப்படியானால் ரிப்பன்தான்!" என்று துள்ளினான்.

"பொறு. மாப்பிள்ளைக்கு வீடு பிடிக்க வேண்டாமா?" என்றேன்.

அலமாரியின் உயரம் நம் கண்ணுக்குத்தான் அழகு. இந்தப் பாம்புகளுக்கு வேண்டியது நீளமும் அகலமும். செடி செழிக்க மண் ஈரமாக இருக்க வேண்டும். பாம்புக்கோ குடிக்கவும் முழுகவும் ஒரு தொட்டி நீரும், அது தவிர உலர்ந்த தரையும் வேண்டும். எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால் தோலில் கொப்புளம் வந்துவிடும். சாப்பாடு மண்புழுவும் மீனும். எந்த மீனையும் போட்டுவிட முடியாது; சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, அதையே தின்றால் பாம்புக்கு வலிப்பு வரும். இன்னொன்று, நம் ஊர் பூட்டுக்குப் பேர்போனது. ஆனால் சுண்டுவிரல் பருமனுள்ள பாம்பு கதவிடுக்கில் நழுவாமலிருக்க எந்தப் பூட்டைப் போடுவது?

கடைசியாக ஒரு சோதனை செய்தோம். காலியான அலமாரியில் ஒரு வெப்பமானியை வைத்து, பகல் இரண்டு மணிக்குப் பார்த்தோம். 41 டிகிரி! இந்தப் பாம்புகளுக்கோ குளிர்ந்த மூலை 25 டிகிரிக்குள்ளும், வெயில் காயும் மூலை 30 டிகிரியை ஒட்டியும் இருந்தால் சுகம். பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதில் விட்டால் வெந்துவிடும் அத்தை" என்றான். அந்தச் சொல்லை நான் சொல்லியிருந்தால் அவன் மனம் ஒடிந்திருக்கும். அவனே சொன்னான்.

"அப்போ நம்ம ஊர்ப் பாம்பு?" என்றான் அடுத்த நாள். கொம்பேறி மூக்கனும் பச்சைப் பாம்பும் மரமேறுபவைதாம். ஆனால் நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைக்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் அரசின் அனுமதி வேண்டும். ஆசை தீரப் பார்ப்பதற்குச் சென்னை கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. அதைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர், நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் பள்ளி படித்தவர் என்றதும் பையன் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் கிணற்றுப் படியில் கிடந்த ஒரு பாம்பைப் பெரியவர்கள் அடித்துக் கொன்றார்கள். குழந்தைகள் நாங்கள் கைதட்டினோம். அது விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு என்று மாலையில் யாரோ சொன்னார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு பாம்பைப் பார்த்து, 'அடி' என்று சொல்லாமல் 'அழகு' என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பையன்தான். அந்த வாயை நான் எப்படி மூடுவேன்?

தீபாவளிக்கு ஆத்தூர்ப் பக்கம் அண்ணியின் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வயல் வரப்பில், பழுப்பு உடலில் இரண்டு மஞ்சள் கோடுகள் ஓட, முழ நீளத்தில் ஒன்று தவளைக்குக் காத்திருந்தது. "அத்தை, கோடு!" என்று பையன் கிசுகிசுத்தான். ஆமாம், கார்ட்டர் பாம்பும் இதுவும் ஒரே குலம். இதற்கு விஷமில்லை; இது மட்டும் முட்டையிடும் கிளை. கடல் கடந்து தேடியதன் பங்காளி எங்கள் காலடியில் கிடந்தது!

வரப்பில் வந்த ஒருவர் கம்பை ஓங்கினார். எனக்கு முன்னால் அண்ணி பாய்ந்தார். "விடுங்கண்ணே! அது ஒண்ணும் செய்யாது. என் பிள்ளை படிச்சிருக்கான்."

பாம்பு நெற்பயிருக்குள் போய்விட்டது. எட்டு வயதில் நான் தட்டிய கையை அன்றுதான் கழுவிக்கொண்டதுபோல் இருந்தது எனக்கு.

அலமாரியில் இப்போது பெரணி மட்டும் வளர்கிறது. அண்ணி தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்.