கொல்லைப்புறத்தில் ஒரு காக்கைக் கூடு



"விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம், ஐயா?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. "வீட்டின் பின்வாசலுக்கு" என்று சொல்வேன். வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துச் சிரிப்பார்கள். நான் உண்மையாகவே சொல்கிறேன்.

கேரி தீவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம், சில வாழைகள், ஒரு வடிகால்; அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. காலையில் சமையலறைப் படியில் தேநீருடன் அமர்ந்தால் போதும். வடிகால் ஓரக் கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி அசையாமல் காத்திருக்கும். வெயில் ஏறியதும் நீர் உடும்பு கரையேறி உடலைக் காய வைக்கும். மாங்காய்க் காலத்தில் குரங்குகள் குடும்பத்தோடு வந்து, பாதி தின்று பாதி எறிந்துவிட்டுப் போகும். இவற்றையெல்லாம் பார்த்து மகிழ்ந்த நான் ஒரு பறவையை மட்டும் பார்த்ததே இல்லை. அது காகம்.

என் தாயார் இருந்தவரை, சோறு வடித்ததும் முதற்பிடியைக் காகத்துக்கு வைத்த பின்னரே எங்களுக்குப் பரிமாறுவார். அவருக்குப் பின் அவ்வழக்கம் எங்கள் வீட்டில் நின்று போயிற்று. காகம் என்றால் குப்பைத் தொட்டியைக் கிளறும் தொல்லை என்ற அளவிலேயே என் எண்ணம் இருந்தது.

கடந்த ஆண்டு அந்த மாமரத்தில் ஓர் இணைக் காகங்கள் கூடு கட்டின. சுள்ளிகளோடு துணிக்கம்பித் துண்டுகளையும் சேர்த்துப் பின்னிய கூடு. பக்கத்து வீட்டுச் சிறுவன், எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயில்பவன், நாள்தோறும் என்னுடன் படியில் அமர்ந்து குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினான். ஒருநாள் காலை கரிய ஆண்குயில் மரத்தருகே வந்து ஓயாமல் கூவியது. காகங்கள் அதனைத் துரத்திச் சென்ற வேளையில், உடலெங்கும் புள்ளிகள் கொண்ட பெண்குயில் கூட்டுக்குள் நுழைந்து வெளியேறியது. சில வாரங்கள் சென்றபின் காகம் ஊட்டிய குஞ்சுகளுள் ஒன்றின் குரல் வேறாக ஒலித்தது! வகுப்பறையில் பலமுறை சொல்லிக் கொடுத்த செய்திதான். கண்ணால் கண்டது அன்றே.

காகத்தின் மறுபக்கத்தையும் கண்டோம். செம்பருத்திச் செடியில் கூடு கட்டியிருந்த கொண்டைக்குருவியின் குஞ்சுகளை அதே காகம் கொத்திச் சென்றது. சிறுவன் அன்று குறிப்பேட்டை மூடிவிட்டான்.

மறுநாள் இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்டான்: "ஐயா, காகம் இந்நாட்டுப் பறவை இல்லையாம். வந்தேறியாம். அதனால்தான் சுடுகிறார்களாம். அப்படியென்றால் நாம், ஐயா?"

எனக்கு உடனே விடை கூற வரவில்லை. அந்தச் சொல்லை அவன் பறவை நூலில் மட்டுமா கேட்டிருப்பான்?

நானும் தேடிப் படித்தேன். 1890களில் சிலாங்கூரின் காப்பித் தோட்டங்களைப் புழுக்கள் அழித்தன. அவற்றைத் தின்னட்டும் என்று தோட்டத்துரைமார் இலங்கையிலிருந்து காகங்களைக் கிள்ளானுக்கு வரவழைத்தனர். அச்செய்தியை விவரிக்கும் கட்டுரை 1903இல் கொழும்பு அருங்காட்சியகத்தின் இதழில் வெளிவந்தது. அதனை எழுதியவர்களுள் ஒருவர் எட்வர்ட் வேலண்டைன் கேரி. ஆம், எங்கள் தீவு தாங்கி நிற்கும் பெயருக்குரிய அதே துரை!

காப்பி விலை வீழ்ந்தது, ரப்பர் வந்தது, பின்னர் செம்பனை வந்தது. காப்பியைக் காக்க வந்த காகங்கள் மட்டும் பெருகின. பிற்காலத்தில் அவற்றைக் குறைக்கக் கிள்ளான் நகராண்மைக் கழகம் துப்பாக்கியை நாட வேண்டியதாயிற்று. முன்பு வலசைக் காலத்தில் மட்டும் வந்து சென்ற குயிலும், காக்கைக் கூடுகள் பெருகியதால் இங்கேயே தங்கி இனம் பெருக்கியது.

சிறுவனிடம் இவை அனைத்தையும் சொன்னேன். காகத்தால் மற்றப் பறவைகளுக்குக் கேடு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. "ஆனால், தம்பி, பறவைக்கு எழுதிய கணக்கை மனிதருக்கு எழுதக்கூடாது. காப்பி நட்டதும், ரப்பர் வெட்டியதும், செம்பனைக் குலை அறுத்ததும் உன் முன்னோரின் கைகள். இத்தீவில் நமக்கெல்லாம் முன்பே மா மெரி பூர்வகுடி மக்கள் வாழ்ந்தனர். அவர்களை மதிக்க வேண்டும். நீயோ இங்கே பிறந்தவன், இந்நாட்டின் குடிமகன்" என்றேன்.

அவன் தலையசைத்தான். அது போதவில்லை என்று அவன் முகம் சொன்னது. ஆகவே, தன்கதை எழுதச் சொன்னேன். "நான் ஒரு பேனா", "நான் ஒரு பள்ளிப்பை" என்று எத்தனையோ தன்கதைகளைத் திருத்திய எனக்கு, அவன் எழுதி வந்த "நான் ஒரு காகம்" புதிதாக இருந்தது. அதில் இரண்டு வரிகள்:

"எங்களைக் கூண்டில் அடைத்துக் கப்பலேற்றியவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். நான் பிறந்தது இந்த மாமரத்தில்."

எழுத்துப்பிழை இரண்டு இருந்தன. சிவப்பு மையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

அன்புப் பெற்றோரே, பிள்ளைகளைப் பின்வாசலில் அரைமணி நேரம் உட்கார வையுங்கள். கூட்டைத் தொட வேண்டாம். குரங்குக்கு உணவு எறிய வேண்டாம். ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். நாள், நேரம், கண்டது என்று மூன்று மட்டும் எழுதட்டும். நம்மால் உடனே விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்று அவர்களிடமிருந்து கட்டாயம் வரும். அப்பொழுது அவர்களை அதட்டாமல், கூடவே அமர்ந்து விடை தேடுங்கள்.

கூடு இப்பொழுது காலியாக இருக்கிறது. ஆயினும் நேற்றுச் சோறு வடித்ததும் ஒரு பிடியை மதில்மேல் வைத்தேன். அம்மா நினைவாக.