மயிலிட்டிக் கரையில் ஒரு கிண்ணம் கிறீம்

காங்கேசன்துறை வீதியால் தெல்லிப்பழை வரை சென்று, அங்கிருந்து வடகிழக்காகத் திரும்பினால் மயிலிட்டி. 1990 யூனில் இவ்வூர் மக்கள் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தார்கள். துறைமுகமும் அதனை அண்டிய காணிகளும் 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டன. இடையில் 27 ஆண்டுகள்!

திரும்பி வந்தவர்களைக் கடல் மறக்கவில்லை. ஆனால் உப்புக்காற்று தோலை விடுவதுமில்லை. நாம் சென்ற வீட்டில் அக்கா ஒருவர் கைகளை விரித்துக் காட்டினார். மீன் வெட்டி, கருவாட்டுக்கு உப்புப் போட்டு வெடித்த விரல்கள். “தேங்காயெண்ணெய் பூசினால் பிசுபிசுக்குது பிள்ளை, கத்தி வழுக்குது. அதுதான் நானே கிறீம் செய்து பார்த்தனான்” என்றார்.

எண்ணெயும் தண்ணீரும் தாமாகச் சேரா. இரண்டையும் பிணைத்து வைக்கும் பொருளே எமல்சிபயர். அக்கா முதலில் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் கிணற்று நீரில் அடித்தார். அது பால் திரைந்ததுபோலப் பிரிந்துவிட்டது. காரணம் நமது காலடியிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லூடாக ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அந்தக் கல்சியம், சவர்க்காரத்தின் பிணைக்கும் சக்தியைக் கெடுத்துவிடும்.

அடுத்துத் தேன்மெழுகு. அது கிறீமைத் தடிப்பாக்குமே தவிர, தனியே நின்று பிணைக்காது. வெண்காரம் சேர்த்தால் பிணையும். ஆனால் எண்ணெய்ப் பிடிப்பான கிறீமே கிடைக்கும்.

மூன்றாவதாக ‘எமல்சிபையிங் வக்ஸ்’ வாங்கினார். கிறீம் அழகாக வந்தது. ஆனால் வெடித்த விரலில் பூச, எரிந்தது. சகோதரிகளே, இங்கேதான் கவனம் தேவை. இதே பெயரில் இரண்டு பொருட்கள் உண்டு. பிரித்தானிய முறைப்படி செய்வதில் சோடியம் லோறைல் சல்பேற் என்ற நுரைப்பொருள் பத்திலொரு பங்கு இருக்கும். அவ்வகை மெழுகில் செய்யும் அக்குவஸ் கிறீமைத் தோலில் பூசி விட்டால், குறிப்பாகக் கரப்பன் உள்ள பிள்ளைகளுக்கு, எரிவு உண்டாகலாம் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது. அமெரிக்க முறைப்படி செய்வதில் அதற்குப் பதிலாகப் பொலிசோர்பேற் சேர்க்கப்படுகிறது. இது தோலுக்குச் சாந்தமானது. ஆகவே பெயரை மட்டும் பார்க்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது அக்கா செய்யும் 100 கிராம் கிறீமின் அளவு இது: காய்ச்சி வடித்த நீர் 79, தேங்காயெண்ணெய் 12, பொலிசோர்பேற் உள்ள மெழுகு 5, கிளிசரின் 3, பினொக்சிஎதனோல் 1. நீரையும் கிளிசரினையும் ஒரு பாத்திரத்திலும், எண்ணெயையும் மெழுகையும் வேறொன்றிலும் 70 முதல் 75 பாகை வரை சூடாக்க வேண்டும். பின் ஒன்றாக ஊற்றி, ஆறும்வரை அடிக்க வேண்டும். கைச்சூட்டுக்கு ஆறிய பின்னரே பினொக்சிஎதனோலைச் சேர்க்கலாம். நீர் உள்ள கிறீமில் பூஞ்சணமும் கிருமியும் வளரும். அதனால் இதை விட்டுவிடக் கூடாது. மெழுகைக் கூட்டினால் கிறீம் பாரமாகும். இலேசாக இருக்க நீரே கூடுதலாக இருக்க வேண்டும்.

புறப்படும்போது எம் கையிலும் சிறிது பூசிவிட்டார். துறைமுகத்தடிக்கு வருமுன்னரே தோலில் ஊறிவிட்டது. அங்கே வள்ளங்கள் கரைசேர்ந்துகொண்டிருந்தன. மீன் வெட்டும் பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களில் இருவர், அடுத்த முறை தங்களுக்கும் ஒவ்வொரு போத்தல் வேண்டுமென்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.