கயிறு பிடிக்க ஓர் ஆள்

முத்துக் குளித்த காலத்தில் தூத்துக்குடிக் கடலில் யாரும் தனியாக மூழ்கியதில்லை. குளியாளி கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து இறங்குவார். மூச்சு தாங்கும் ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். அதற்கு மச்சினனைத்தான் நம்புவார்கள் என்பது இந்தக் கரையில் வழிவழியாக வரும் பேச்சு. கூடப்பிறந்தவளின் தாலி தன் கையில் இருக்கும்போது எவனும் கண்ணயர மாட்டான் அல்லவா? அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. ஆனால் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் மேலே ஓர் ஆளை வைத்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

மனநலத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். மனைவியோ அண்ணனோ பழைய சிநேகிதியோ, யாராக இருந்தாலும் சரி. நீங்கள் அசைத்தால் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குத் தினமும் இரண்டு வார்த்தையாவது பேசியிருக்க வேண்டும். மூச்சு முட்டிய பிறகு ஆள் தேட முடியாது.

அப்படிப் பேசுவதைத் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஆண்கள் நிழலில் கூடி உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிசலைச் சரிசெய்வார்கள். கை பாட்டுக்கு முடிச்சுப் போடும். வாய் பாட்டுக்குக் கடன், மகள் கல்யாணம், இன்ஜின் செலவு என்று பேசிக்கொண்டே போகும். கேட்பவர் அறிவுரை சொல்வதில்லை, ‘ம்’ கொட்டுகிறார். எல்லார் கண்ணும் வலையில் இருப்பதால் சொல்லக் கூச்சமானதும் வெளியே வந்துவிடுகிறது. வீட்டில் கீரை ஆயும்போதும் துணி மடிக்கும்போதும் இதே பேச்சு நடக்கலாம், பக்கத்தில் செல்போன் இல்லாமல் இருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே படகு கடலுக்குப் போவதில்லை. மீன் எவ்வளவு பட்டாலும் அன்று ஓய்வுதான். களைத்தால் ஓய்வெடுப்போம் என்று தள்ளிப்போடாமல், ஊரே கூடி ஓய்வுக்கு ஒரு நாளைக் குறித்துவைத்திருக்கிறது. அலுவலக வேலையை வீட்டுக்கும் தூக்கி வருகிறவர்கள் வாரத்தில் அரை நாளாவது அப்படிக் குறித்துக்கொள்ளட்டும்.

காலை வெயிலுக்குச் செலவே இல்லை. விடிந்ததும் முத்துநகர் கடற்கரையில் அரை மணி நேரம் நடந்தால் போதும். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் நேராகும். இரவில் உரிய நேரத்துக்குத் தூக்கம் வரும். படபடப்பு வந்தால் மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். நெஞ்சுத் துடிப்பு தணியும். ஒன்றை மட்டும் மருந்தென்று நம்பாதீர்கள்: குடி. அது அன்றைய கவலையை மறக்கடித்து, அன்றிரவின் தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் மனதை இன்னும் கீழே தள்ளும். இந்தக் கரையில் அது கெடுத்த குடும்பங்கள் ஏராளம்.

இந்தப் பழக்கங்கள் மனதைக் காக்கும். நோய் வந்துவிட்டால் மருத்துவரும் வேண்டும். இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றாலோ, வாழவே வேண்டாம் என்று ஒருமுறை தோன்றினாலோ தள்ளிப்போடாதீர்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கக் கூச்சப்படாத நாம் இதற்கும் கூச்சப்பட வேண்டியதில்லை. இன்றைக்கே உங்கள் வீட்டில் ஒருவரிடம், “சாப்பிட்டாச்சா?” என்பதோடு நிறுத்தாமல், “மனசுக்கு எப்படி இருக்கு?” என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.