மூன்றரைக் கிலோ

மோர்டென்ஸ்ருட்டில் மார்கழி மாதம் மாலை நான்கு மணிக்கு முன்னரே இருள் சூழ்ந்துவிடும். அவ்விருளில் நெற்றி விளக்கோடு ஒஸ்த்மார்க்கா காட்டினுள் ஓடப் போகும் என் மகனைப் பல ஆண்டுகள் கண்டித்திருக்கிறேன். பனியில் வழுக்கி விழுந்துவிடுவானோ என்பதே என் கவலை.

ஒரு மாசி மாதத்தில், அவன் முதுகுப்பையினுள் அரிசிப் பொதிகளை வைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தான். காரணம் கேட்டேன். பங்குனியில் நடைபெறும் பேர்க்கபைனர் பனிச்சறுக்குப் போட்டியில், ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீற்றரும் மூன்றரைக் கிலோச் சுமையோடு செல்லவேண்டுமாம். 1206ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போரின்போது, குழந்தை இளவரசன் ஹோக்கோனை வீரர் இருவர் பனிமலை கடந்து காப்பாற்றினர். அந்நினைவாக 1932 முதல் இப்போட்டி நடைபெற்று வருகிறது. (அவ்வீரர்கள் சென்றதோ எதிர்த்திசையில். ஒன்றரை வயதுக் குழந்தை மூன்றரைக் கிலோவா என்று கேட்டுவிடாதீர்கள்!)

1995 ஒக்டோபர் 30. அந்த இரவை எம்மவர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். முப்பத்தொன்று கழிந்து ஒரு வாரமேயான இவனை நெஞ்சோடணைத்து, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலம் கடந்தேன். அதனை அவனிடம் நான் ஒருபோதும் கூறியதில்லை. அன்று கூறினேன்.

"அப்ப நான் எத்தினை கிலோ இருந்தனான், அம்மா?"

கிளினிக் அட்டையும் வீட்டோடு போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில், லில்லஹாமர் முடிவுக்கோட்டருகே குளிரில் காத்து நின்றேன். வந்து சேர்ந்தவனிடமிருந்து பையை வாங்கி, என் தோளில் போட்டுக்கொண்டேன்.