நோவு வருமுன்னே

திருக்கோவில் தொடக்கம் கல்முனை வரையுள்ள நமது கரையோர ஊர்களிலே, பல் மருத்துவருக்கு மக்கள் இட்டிருக்கும் பெயர் 'பல்லுப் பிடுங்கிற டொக்டர்' என்பதாகும். கண் மருத்துவரைக் கண் பிடுங்குபவர் என்று யாரும் கூறுவதில்லை. பல்லுக்கு மட்டும் ஏன் இந்நிலை? நோவு வரும்வரை நாம் அவரை நாடுவதில்லை. நோவு முற்றிய பின்னரோ அவர் செய்யத்தக்கது பெரும்பாலும் பிடுங்குவது ஒன்றாகவே முடிந்துவிடுகிறது. அப்பெயர் அவருடைய தொழிலைவிட நமது வழக்கத்தையே தெளிவாகக் காட்டுகிறதல்லவா?

பற்களைப் பேணுவதில் நம் முன்னோர் அசட்டையாக இருந்தனர் என்று கூறமுடியாது. சித்திர வேலாயுத சுவாமி கோயில் மணியோசை கேட்கும் அதிகாலையில், கிணற்றடியிலே உமிக்கரியும் உப்பும் கொண்டு பல் தீட்டிய பெரியோரைக் கண்டே நாம் வளர்ந்தோம். வேப்பங்குச்சியும் ஆலம்விழுதும் வீட்டுக்கு வீடு பயன்பட்டன. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் வாழும் முஸ்லிம் அன்பர்கள், மிஸ்வாக்குக் குச்சியினால் பல் துலக்குவதை நபிவழியாகவே போற்றி வருகின்றனர். பல் துலக்கும் ஒழுக்கம் நம்மிடையே பண்டுதொட்டு உண்டு. நோவில்லாத பல்லையும் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்னும் எண்ணமே இன்னும் வேரூன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நமது மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றின் பற்சிகிச்சைப் பிரிவிலே நாம் காத்திருந்தபோது, ஒரு தாய் எட்டு வயது மகளை அழைத்து வந்தார். பிள்ளையின் கன்னம் வீங்கியிருந்தது. "பாற்பல்தானே டொக்டர், கழற்றிவிடுங்கோ, திரும்ப முளைக்கும்" என்றார் தாய். மருத்துவர் பிள்ளையின் வாயை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது பாற்பல் இல்லை அம்மா, ஆறு வயதில் முளைத்த நிரந்தரப் பல். இது போனால் இனி முளைக்காது" என்றார். தாய் பேச்சற்று நின்றார். அவர் பொறுப்பற்றவர் அல்லர். பிள்ளையின் பின்னலும் வெள்ளைச் சீருடையும் அத்தனை துப்புரவாக இருந்தன. அந்தப் பல்லைப் பற்றி அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவே.

அத்தாயைப்போல் எண்ணுவோர் பலர் உளர். பாற்பற்கள் இருபது. ஏறத்தாழ ஆறு வயதில், அவற்றுக்குப் பின்புறத்தே, மேலும் கீழுமாக நான்கு நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவற்றுக்கு இடம்விட்டு எப்பல்லும் விழாதபடியால், பெற்றோர் அவற்றையும் பாற்பற்கள் என்றே கருதிவிடுகின்றனர். இப்பற்களின் மேற்பரப்பிலே ஆழமான பள்ளங்கள் உண்டு. அங்கே தங்கும் இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்போர்வையாகிய மிளிரியைக் கரைக்கிறது. மிளிரியில் நரம்பு இல்லை. ஆகவே சூத்தை தொடங்கும்போது நோவு தோன்றுவதில்லை. அரிப்பு உள்ளே சென்று நரம்பை நெருங்கிய பின்னரே பிள்ளை அழுகிறது. நோவு பிந்தி வரும் தூதன். அவனை எதிர்பார்த்திருப்பவர் பல்லை இழப்பர்.

இக்காலப் பற்சிகிச்சையோ தூதனை முந்திச் செல்லவே முயல்கிறது. மிளிரியில் வெண்புள்ளியாகத் தொடங்கும் சிதைவைப் புளோரைட்டு கலந்த பற்பசையினாலும் பூச்சினாலும் தடுத்து நிறுத்தலாம். கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை மெல்லிய பூச்சினால் மூடிவிடலாம். சூத்தை நரம்பை எட்டிய பின்னரும், வேர்க்குழாயைத் துப்புரவாக்கி அடைத்துப் பல்லைக் காப்பாற்ற இயலும் நிலைகள் பல. இவை யாவும் நகரத்துச் செல்வர்க்கே உரியவை என்று எண்ண வேண்டியதில்லை. 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவிலே, மின்சாரமும் துளைகருவியும் இன்றி, கைக்கருவியினால் சூத்தையைச் சுரண்டியெடுத்து, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் ஒருவகைச் சாந்தினால் அடைக்கும் முறை உருவாயிற்று. 'கண்ணாடி அயனோமர்' எனப்படும் அச்சாந்தையும், சூத்தையின் வளர்ச்சியை நிறுத்தும் வெள்ளி டயமீன் புளோரைட்டையும், உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலே சேர்த்தது.

நிற்க. பிள்ளைகளை நோவு வருமுன் தேடிச்சென்று சிகிச்சை செய்யும் ஏற்பாடு நமது நாட்டுக்குப் புதியதன்று. நியூசிலாந்து 1921 இல் பாடசாலைப் பற்சிகிச்சைக்கென இளம் பெண்களைப் பயிற்றத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் வழியாக அந்நாடு அளித்த உதவியுடன், 1950களில் இலங்கையிலும் அத்தகைய பயிற்சி மகரகமையிலே வேரூன்றியது. பாடசாலைப் பற்சிகிச்சையாளர் செய்யும் பணிக்குக் கட்டணம் இல்லை. ஆயினும், "பிள்ளைக்கு நோவில்லையே, பிறகு பார்ப்போம்" என்று பெற்றோர் நாளைக் கடத்துவாராயின், அந்த ஏற்பாட்டினால் விளையும் பயன் யாது?

பெரியோருக்கும் இவ்விதியே பொருந்தும். அங்கே இழப்பு பல்லோடு நிற்பதில்லை. விருந்தினர் வந்தால் வட்டாவிலே வெற்றிலை வைத்து நீட்டுவது நமது பண்பாடு. அம்மம்மாவின் மடியிலும் உம்மம்மாவின் மடியிலும் பாக்கு வாசனை கமழ வளராதவர் நம்முள் யார்? எனினும் உண்மையை மறைக்கலாகாது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை விளைவிப்பது என்று 1985 இலும், புகையிலை சேராத வெற்றிலையும் பாக்கும்கூட அவ்வாறே என்று 2004 இலும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெளியிட்டது. இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோயே முதலிடம் வகிக்கிறது. அதுவும் தொடக்கத்தில் நோவதில்லை. கொடுப்புக்குள் ஒரு வெண்படை அல்லது செம்படை, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாயை முன்போல் அகலத் திறக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். தொடக்கத்திலே கண்டால் உயிரைக் காப்பதற்கு வழி பெரிதும் உண்டு.

வீட்டிலே செய்யத்தக்கவையும் எளியவையே. காலையில் ஒருமுறையும் இரவு உறங்குமுன் ஒருமுறையும் புளோரைட்டுப் பற்பசையினால் துலக்குதல் வேண்டும். இரவுத் துலக்கலை எக்காரணத்தாலும் தவிர்த்தல் ஆகாது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசிமணியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் பற்பசை போதும். டொபியும் பிஸ்கட்டும் நாள் முழுவதும் கொறிப்பதைவிட உணவோடு ஒருமுறை உண்பதால் தீங்கு குறையும். நீரிழிவு உள்ளோர் முரசைத் தனிக்கவனத்துடன் பேணுதல் நன்று. முரசு நோய் நீரிழிவை மோசமாக்கும், நீரிழிவும் முரசு நோயை வளர்க்கும்.

தாய்மார்களே, உங்கள் வீட்டிலே ஆறு அல்லது ஏழு வயதுப் பிள்ளை இருந்தால், இன்றிரவே விளக்கொளியில் வாயைத் திறக்கச் செய்து, முன்பல்லின் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஆறாவதாக ஒரு பல் நின்றால், அதுதான் பிள்ளை முதுமைவரை வைத்து உண்ணவேண்டிய பல்.