ஸ்விட்ச் எழுதும் நாட்குறிப்பு

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளுக்குள் போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு அறைக்கு வெளியிலும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று எழுதியிருக்கும். ஆட்களின் வருகைப் பதிவேட்டை மட்டும் அந்த அறைக்குள் வைக்கக் கூடாது. அறையோடு பதிவேடும் போய்விட்டால், உள்ளே யார் இருந்தார்கள் என்று யாரைக் கேட்பது?

கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கும் இதே கணக்குத்தான்.

தெரிந்த பட்டாசு வியாபாரி ஒருவரின் டவுன் ஆபீஸில், ஆடி பிறந்து ஆர்டர்கள் குவியும் நேரத்தில், தினமும் மத்தியானம் ஐந்து பத்து நிமிஷம் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுபோனது. தொலைபேசித் துறையில் இருந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்தப் பய சாப்பிடப் போறப்ப எதையோ புடுங்கி விட்டுட்டுப் போறான். இல்லேன்னா டாண்ணு அதே நேரத்துக்கு எப்படி நிக்கும்?" என்றார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் தம்பி, "நான் தொடவே இல்ல சார்" என்று நின்றான். மாதக் கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிவிடுவதாக முடிவாகியிருந்தது.

ஸ்விட்சுக்குள் இருந்த பதிவைத் திறந்தால் நாலைந்து வரிதான். எல்லாவற்றிலும் தேதி 1993 மார்ச் 1! சில ஸ்விட்சுகளில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும். பழைய பதிவும் நினைவகத்தோடு அழிந்துவிடும். அறைக்குள் வைத்த பதிவேடு மாதிரி.

தம்பியும் நானும் உட்கார்ந்து மூன்று வேலை செய்தோம்.

முதலில் நேரம். என்.டி.பி. வழியாகச் சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி, இந்திய நேரம் என்று ஐந்தரை மணியும் கூட்டி வைத்தோம்.

இரண்டாவது சிஸ்லாக். நடப்பதையெல்லாம் கணக்கர் அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டருக்கு அனுப்பும்படி செய்தோம். செய்திகளுக்கு 0 முதல் 7 வரை தரம் உண்டு. 0 தான் மிக மோசம். 6 வரை வாங்கினோம். 7 என்பது பழுது தேடுகிறவர்களுக்கான விவரம், கொட்டித் தீர்த்துவிடும். பெறுகிற கம்ப்யூட்டர் தன் நேரத்தையும் சேர்த்து எழுதும்படி வைத்தோம்.

மூன்றாவது எஸ்.என்.எம்.பி. இதன் பழைய பதிப்புகளில் ரகசியச் சொல் திறந்த கடிதம் மாதிரிப் போகும். பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்றே இருக்கும். அதை எடுத்துவிட்டு, மறைகுறியோடு போகும் 3-ஆம் பதிப்பைப் போட்டோம். ஸ்விட்ச் புதிதாக உயிர் பெற்றாலும், ஒரு போர்ட் விழுந்தாலும் எழுந்தாலும் தானே தகவல் சொல்லும். கடைசியில் மறக்காமல் ஸேவ் செய்தோம். இல்லையென்றால் அடுத்த கரண்ட் வெட்டில் செய்ததெல்லாம் போய்விடும்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தோம். 1.14, 1.09, 1.21 என்று தினமும் ஒரு 'புதிதாக உயிர் பெற்றேன்'. கரண்ட் போய்த்தான் வருகிறது என்பது உறுதியானது. வியாழனும் வெள்ளியும் மட்டும் எதுவுமே இல்லை. அந்த இரண்டு நாளும் முதலாளி சென்னையில் இருந்தார்!

மறுநாள் ஒரு மணிக்கு ஸ்விட்ச் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆபீஸ் உதவியாள் அம்மா கெட்டிலோடு வந்தார்கள். அங்கே பெரிய பிளக் போகிற சாக்கெட் ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்த யூபிஎஸ் பிளக்கை உருவிவிட்டுக் கெட்டிலைச் செருகினார்கள். யூபிஎஸ் பேட்டரி செத்து எத்தனை வருஷமோ, ஸ்விட்ச் அந்தக் கணமே அணைந்தது. வெந்நீர் முதலாளி மாத்திரை போட்டுக்கொள்ள.

தாளை அவரிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார். "அந்த ரெண்டு நாளும் நான் ஊர்ல இல்லியே" என்று அவரே சொன்னார்.

2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் இத்தகைய பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை அரசின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும் என்கிறது. திருடனைப் பிடிக்கத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். திருடாதவனைக் காப்பாற்றவும் அது வேண்டும்.

தம்பி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். கெட்டிலுக்குத் தனி சாக்கெட் போட்டாயிற்று; யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியும்.