அப்பா விட்டுப்போன நோட்டு

அப்பாவின் 16ஆம் நாள் காரியம் முடிந்து, வாடகைக்கு எடுத்த மேசை நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உறவினர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஒரு பாட்டி மட்டும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். காரில் கொண்டுபோய் விடட்டுமா என்றேன்.

"அதெல்லாம் வேணாம் பாப்பா. அப்பாவோட நோட்டுல என் பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு. நான் போயிடறேன்."

எந்த நோட்டு என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சாமி மேடைக்குக் கீழே இருந்த பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து, பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் கொடுத்தார். அப்பா ஊராருக்குப் பாரம் நிரப்பித் தருவார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார் என்பது தெரியாது.

அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். பெயர், பிறந்த தோட்டம், தாயின் பெயர், என்ன தாள் இல்லை, எந்தெந்த நாளில் போனோம். கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு 'சரி'. மொத்தம் 113 பெயர்கள். 109 பேருக்குச் சரி போட்டிருந்தது. நான்கு பேருக்கு இல்லை. பாட்டியின் பெயர் அந்த நான்கில் ஒன்று.

"இருக்கு பாட்டி."

"சிவப்புல போட்டிருக்காரா?"

"இல்லை."

"அப்ப இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

அப்பா 1941இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு ஏழு வயது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் வந்தது. லயத்துக்கு முன்னால் மேசை போட்டு, ஒவ்வொருவராக நிற்கவைத்துப் படம் எடுத்ததை அப்பா வேடிக்கை பார்த்திருக்கிறார். "என் வாழ்க்கையில மொதமொதல்ல பாத்த பாரம் அதுதான்" என்பார்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்ததும், 13 வயதில் பால்மரம் வெட்டப் போனார். விடியுமுன் பெரட்டு. அது முடிந்ததும் இருட்டோடு காட்டுக்குள் இறங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் அந்த விடியற்கால ஓட்டம். மரம் மரமாக உளியால் சீவி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குத் தூக்கி வருவார். கடைசி வரை அவருடைய வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியே இருந்தது.

மாலை ஆனால் வேறு வேலை. தொழிற்சங்கத்தின் தோட்டக் கிளைக்குச் செயலாளராக இருந்தார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட அந்தக் காலத்தில், மாதம் 10 வெள்ளி சேமித்துத் தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் எங்கள் சுங்கை சிப்புட்காரர்தான். அப்பாவுக்கு அப்போது 19 வயது. தன் 10 வெள்ளியைக் கட்டியதோடு நிற்காமல், லயம் லயமாகப் போய் மற்றவர்களுக்கும் எழுதிக்கொடுத்தார். பெரியவர்களுக்கான மலாய் வகுப்பிலும் சேர்ந்தார். குடியுரிமைக்கு விண்ணப்பித்து, நேர்காணலில் தேறி, அதையும் வாங்கினார்.

பெரியப்பா வாங்கவில்லை. 1957இல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகு, ஓராண்டு காலத்துக்கு மொழித் தேர்வு இல்லாமலேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பு இருந்தது. அப்போது பெரியப்பாவுக்கு 22 வயது. "இங்கயே பொறந்தவனை எவன் போகச் சொல்லப் போறான்?" என்று விட்டுவிட்டார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தது. பெரியப்பாவுக்கு வேலை போனது. மறு ஆண்டு, மனைவி மக்களோடு பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்.

அப்பா துறைமுகம் வரை கூடப் போனார். அதைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "அண்ணன் கையில துணி மூட்டை இருந்துச்சு, பாத்திர மூட்டை இருந்துச்சு, ஒரு தாள் மட்டும் இல்ல." அதன்பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே ஒரு முறைதான் பார்த்துக்கொண்டார்கள். என் பாட்டி சிவப்பு அடையாள அட்டையோடு இறந்துபோனார்.

1996இல் அப்பா ஓய்வு பெற்றார். அதற்குள் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களை இடித்துவிட்டார்கள். சேமநிதிப் பணத்தில் ஒரு தாமான் வீடு வாங்கினோம். 55 வயது, இனி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அம்மா நினைத்தார். அப்பா ஒரு பிளாஸ்டிக் பையில் நான்கு பேனா, ஒரு பூதக்கண்ணாடி, கைநாட்டுக்கு ஒரு மைப்பெட்டி எல்லாவற்றையும் போட்டு, ஹொண்டா கப் மோட்டாரின் முன்கூடையில் வைத்தார். அதோடு தொடங்கியது 27 ஆண்டு வேலை.

பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், பெயர் தப்பாகப் பதிவானவர்கள், சிவப்பு அட்டைக்காரர்கள் என்று தேடி வந்தார்கள். கூலி வாங்கமாட்டார். பெட்ரோலுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். முகப்பில் இருப்பவர்களைத் திட்டியும் பார்த்ததில்லை. "அவங்க கேக்குறது தாளை. நாம தாளைக் கொண்டுபோவோம்" என்பார்.

பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தவள் நான். பேட்டி எடுப்பது எப்படி என்று ஒரு தவணை முழுக்கப் பாடம் நடத்தினார்கள். அப்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் அதை வேறு விதமாகச் செய்துகொண்டிருந்தார். "எப்பப் பொறந்தீங்க?" என்று யாரையும் கேட்கமாட்டார். "சுதந்திரத்தன்னிக்குப் பள்ளிக்கூடத்துல மிட்டாய் குடுத்தாங்களே, நீங்க வாங்கினீங்களா? அப்ப எத்தனாவது?" என்பார். "உங்கம்மா உங்களைச் சுமந்தப்ப லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி வேலி போட்டாச்சா? யாரு வந்து பிரசவம் பாத்தாங்க?" என்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். வானொலியில் மூன்று விநாடி சத்தம் இல்லாவிட்டால் எங்களுக்கு உயிர் போய்விடும். உடனே ஒரு பாட்டைப் போட்டுவிடுவோம். அப்பா ஐந்து நிமிடம்கூடக் காத்திருப்பார். அந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மருத்துவச்சியின் பெயர் வரும், ஒரு தண்டலின் பெயர் வரும்.

நேர்காணலுக்குப் போகும் பாட்டிகளுக்கு மலாய்ப் பாடமும் அங்கேதான். பிரதமர் யார் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே. 2018க்கும் 2022க்கும் இடையில் பிரதமர்கள் மாறிய வேகத்தில் பாட்டிகள் திணறிப்போனார்கள். "பாட்டி, போற அன்னிக்குக் காலையில செய்தி கேட்டுட்டுப் போங்க. ராத்திரிக்குள்ள மாறியிருந்தாலும் மாறியிருக்கும்" என்று அப்பா சொல்ல, திண்ணையே சிரித்தது.

2022 தீபாவளிக்கு முன்பு ஒருநாள் அப்பா எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, ரேடியோவுல ஒண்ணு சொல்ல முடியுமா?"

வாசல் படியில் உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பாட்டிக்காகத்தான். மேட்டு லயத்துப் பாட்டி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். 1952இல் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. பெற்றோர் இல்லை, தோட்டமும் இல்லை. அவர் அங்கேதான் பிறந்தார் என்று சத்தியப் பிரமாணம் செய்ய, அந்த லயத்தில் அப்போது இருந்த ஒருவர் வேண்டும். வானொலியில் சொன்னால் யாராவது கிடைக்கலாம் என்பது அப்பாவின் கணக்கு.

"அப்பா, இது பாட்டும் அரட்டையுமா போற நிகழ்ச்சி. இந்த மாதிரி அறிவிப்பெல்லாம் சொல்ல முடியாது. மேல கேக்கணும்."

"சரி பாப்பா. நீ சாப்பிட்டியா?"

நான் மேலே யாரிடமும் கேட்கவில்லை. அந்த வாரம்தான் ஒரு நேயரின் காணாமல்போன பூனையைப் பற்றி நிகழ்ச்சியில் 10 நிமிடம் பேசினேன். அப்பா அதையும் கேட்டிருப்பார். என் நிகழ்ச்சியை அவர் ஒருநாளும் விட்டதில்லை. ஆனால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

சென்ற ஆண்டு பிப்ரவரியில், 83 வயதில், பசியாறிவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது அப்பா கீழே விழுந்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அன்று யாரையோ ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போவதாக இருந்ததாம். இத்தனை வயது வரை நடமாடி, யாருக்கும் பாரமில்லாமல் போனார், கல்யாணச் சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன், அந்த நோட்டைப் பிரிக்கும் வரை.

பாட்டியின் பெயருக்கு நேரே, எந்தெந்த நாளில் போனோம் என்ற கட்டத்தில், அப்பாவின் பொடி எழுத்தில் இப்படி இருந்தது. "ரேடியோ. பாப்பாவுக்கு வசதிப்படாது." அதற்குக் கீழே, "12.11.2022 செம்மோர். ஆள் வீடு மாறிவிட்டார்." அதற்குக் கீழே, "20.11.2022 லிந்தாங். ஆள் இறந்துவிட்டார்." நவம்பர் மழையில், 81 வயதில், மோட்டாரில்.

முடியாது என்று நான் சொன்னதை, வசதிப்படாது என்று எழுதி வைத்திருந்தார். தன் நோட்டில்கூட என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அதைப் பார்த்த பிறகும் எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஒருநாள் தயங்கித் தயங்கி என் தயாரிப்பாளரிடம் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "நல்ல விஷயமாச்சே, இதை ஏன் முன்னாடியே கேக்கல?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தோட்டத்து நினைவுகளைப் பேசும் ஓர் அங்கம் தொடங்கினோம். பாட்டியின் பெயரைச் சொல்லவில்லை. தோட்டத்தின் பெயரையும், மேட்டு லயம் என்பதையும் மட்டும் சொன்னேன். முதல் இரண்டு வாரம் பழைய கதைகள் நிறைய வந்தன, பாட்டிக்கு ஆகும் கதை வரவில்லை. மூன்றாவது வாரம் கோலகங்சாரிலிருந்து 80 வயதுப் பெரியவர் ஒருவர் அழைத்தார். அந்தத் தோட்டத்து மருத்துவச்சியின் மகன் நான் என்றார்.

"மேட்டு லயத்துல யாருக்காவது பிரசவம் ஆனது ஞாபகம் இருக்குங்களா ஐயா?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சத்தம் இல்லை. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. கை பாட்டுப் பொத்தானுக்குப் போனது. எடுத்துக்கொண்டேன். காத்திருந்தேன்.

"ஊரடங்கு நேரம்மா அது" என்றார் பெரியவர். "எனக்கு எட்டு வயசு. அம்மாவுக்கு நான்தான் அரிக்கேன் விளக்கு புடிப்பேன். வேலிக் கேட்டுல போலீஸ்காரர் விடமாட்டேன்னுட்டாரு. நான் அழுதேன். அப்புறம் அவரே விளக்கை வாங்கிக்கிட்டு மேட்டு லயம் வரைக்கும் கூட வந்தாரு. பொண்ணு பொறந்துச்சு."

அவரும் பாட்டியும் சத்தியப் பிரமாணத்துக்காகச் சந்தித்த அன்று நான்தான் காரோட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் அதற்கு முன் பார்த்த நினைவே இல்லை. வழி முழுக்க அந்தப் போலீஸ்காரரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மற்ற மூவரில் ஒருவர் இதற்கிடையில் காலமாகிவிட்டார். அவருடைய பெயருக்கு நேரே என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் பிறந்தார்கள், யார் பிரசவம் பார்த்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள்.

நேற்றும் மேட்டு லயத்துப் பாட்டிக்கு வீட்டுத் திண்ணையில் மலாய்ப் பாடம் நடத்தினேன். பிரதமர் பெயரைத் தட்டாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ தெனமும் காலையில பேசறதைக் கேட்டுட்டுத்தான் இருக்கேன். மாறினா சொல்லிடு பாப்பா" என்றார்.

நோட்டு இப்போது என் காரில் இருக்கிறது. போன வாரம் அதில் 114ஆவது பெயரை எழுதினேன்.